டிக்கெட் எடுக்கும் முன் ஒரு தாள் கணக்கு

காவேரிப்பட்டினம் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நிப்பட்டு கடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தம்பி வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டினான். ஒசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எட்டு வருஷ வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் கூட்டம், கீபோர்டு என்று சபையே கதி. வளைகுடாவில் ஒரு தமிழ் ஜெபக்குழு அவனை முழுநேர ஊழியத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. செய்தி மூன்றே வரி: தங்க இடம் உண்டு, சாப்பாட்டுக்குக் குறைவிராது, மாதந்தோறும் அன்பின் காணிக்கை தரப்படும்.

"அன்பு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அதெப்படிண்ணா கேக்கறது? ஊழியத்துக்குக் கூலி கேக்கற மாதிரி ஆயிடுமே."

இந்தக் கூச்சம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஒன்பது வருஷம் வளைகுடாவில் கணக்கெழுதியவன். அதில் ஆறு வருஷம் ஒரு தமிழ்ச் சபையின் பொருளாளர். காசு கொடுக்கிற மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். மாதக் கடைசியில் நாங்கள் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்: காணிக்கையை எண்ணுவோம், ஆராதனை மண்டப வாடகையை எடுத்து வைப்போம், ஒலிபெருக்கிச் செலவு, நற்செய்திக் கூட்டச் செலவு, விருந்துச் செலவு எல்லாம் கழிப்போம். மிச்சமிருப்பது பாஸ்டருக்கு. ஒரு கோடை விடுமுறையில், பாதிச் சபை ஊருக்குப் போய்விட்ட இரண்டு மாதம், அந்த மிச்சம் ஒன்றுமில்லாமல் போனது. பாஸ்டர் எதுவும் கேட்கவில்லை. அவர் மனைவி தெரிந்த அக்கா ஒருவரிடம் பால் பவுடர் கடன் வாங்கினார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. எங்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கேட்காதவருக்குத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முன்னே போனவர்களும் கணக்குப் பார்த்தார்கள்

மிஷனரி வில்லியம் கேரி 1793 நவம்பரில் கல்கத்தாவில் இறங்கினார். கொண்டுவந்த பணம் சில வாரங்களில் கரைந்தது. மனைவி, குழந்தைகள், மைத்துனி சகிதம் சுந்தரவனக் காட்டோரம் வரை போய்ப் பார்த்தார். கடைசியில் 1794-இல் முட்னாபதி அவுரி ஆலையில் மேலாளர் வேலை, மாதம் 200 ரூபாய் சம்பளம். அதே ஆண்டு 5 வயது மகன் பீட்டர் நோயுற்று இறந்தான். மனைவி டோரதியின் மனம் அதன்பின் தேறவேயில்லை. கேரியின் மொழிபெயர்ப்புகளைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருப்போம். அந்த முதல் ஏழு மாத வரவு செலவைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.

நம்மவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி திருநெல்வேலியில் வி.எஸ். அசரியாவும் தோழர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியாவுடையதாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வேலைக்களம் தோர்ணக்கல், மொழி தெலுங்கு. தமிழ் ஊழியருக்கு அதுவே அந்நிய தேசம்தான். அசரியா தாமும் 1909-இல் அங்கே குடிபோனார், தெலுங்கு படித்தார், 1912 டிசம்பர் 29-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். இப்படிப்பட்ட ஊழியங்களைத் தாங்கியது பெரிய பணக்காரர்கள் இல்லை. உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த பெண்கள். பிடி அரிசிக் காணிக்கை என்றால் இன்றும் தென் மாவட்டச் சபைகளில் தெரியும். மிசோரம் பிரெஸ்பிட்டீரியன் சபை இதே பிடி அரிசியை வைத்து இன்றுவரை மிஷனரிகளை அனுப்புகிறது.

இன்னொரு உதாரணம் கொஞ்சம் கசப்பு. 1854-இல் கண்டியை மையமாக வைத்து இலங்கைத் தோட்டங்களில் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்'. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் கடல் தாண்டிப் போனார்கள். அந்த ஊழியத்துக்குத் தோட்டத் துரைமார்களும் பணம் கொடுத்தார்கள். துரை பணத்தில் வாழும் உபதேசியார், துரையிடம் அடிபட்ட கூலிக்காகப் பேசுவது எப்படி? உங்கள் சம்பளத்தை யார் தருகிறார் என்பதோடு, அவரிடம் நீங்கள் எதைச் சொல்ல முடியாமல் போகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சபையில் ஒரே ஒரு தொழிலதிபர்தான் பாஸ்டருக்கு வீடும் காரும் விசாவும் தருகிறார் என்றால், நான் தயங்குவேன்.

விசாவில் என்ன எழுதியிருக்கிறது?

செலவுக் கணக்கின் முதல் வரி விசாதான். வேறு எந்த வரியும் இதைப் போல மற்ற எல்லாவற்றையும் மாற்றாது.

அமெரிக்கா என்றால் ஆர்-1 என்ற மத ஊழியர் விசா. சபை உங்களுக்காக ஐ-129 மனு போட வேண்டும். அதே சபைப் பிரிவில் குறைந்தது 2 ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். வாரம் சராசரி 20 மணி நேரமாவது வேலை இருக்க வேண்டும். முதலில் 30 மாதம் வரை, மொத்தம் 5 ஆண்டு. இதில் பலர் பார்க்கத் தவறும் வரி ஒன்று உண்டு: உங்களோடு ஆர்-2 விசாவில் வரும் மனைவியோ கணவரோ அங்கே வேலை பார்க்க முடியாது. கிருஷ்ணகிரியில் நர்ஸாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர் அங்கே போய் ஐந்து வருஷம் வீட்டில் உட்கார வேண்டும். இரண்டு சம்பளத்தில் ஓடிய குடும்பம் ஒரு சம்பளத்துக்கு வருகிறது. அடுத்தது வரி. சாதாரண ஊழியருக்குச் சமூகப் பாதுகாப்பு வரியில் பாதியை முதலாளி கட்டுவார். போதகரைச் சுயதொழில் செய்பவராகக் கணக்கிடுவதால் முழு 15.3 சதவீதமும் அவர் தலையில். வீட்டு வாடகைப் படிக்கு வருமான வரி விலக்கு உண்டு. ஆனால் இந்த வரிக்கு அந்தப் படியையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். மாதம் 2,000 டாலர் கையிலும் 1,000 டாலர் வாடகைக்கும் என்றால், 420 டாலருக்கு மேல் இதற்கே போகும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை. ஐந்து வருஷம் கட்டிவிட்டு ஊர் திரும்பினால், அந்தப் பணம் பென்ஷனாகத் திரும்பி வரும் என்று நம்பியிருக்க முடியாது. சபை கமிட்டியிடம் "இந்த வரியில் பாதியை நீங்கள் ஏற்பீர்களா?" என்று கேட்பது அங்கே சகஜம். நாம்தான் கேட்பதில்லை.

பிரிட்டன் வேறு மாதிரி. போதகர் விசாவில் துணைவர் வேலை பார்க்கலாம். ஆனால் சுகாதாரக் கட்டணத்தை விசா போடும்போதே முழுசாக எடுத்துவிடுவார்கள். பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், 3 ஆண்டு விசா என்றால் 10,866 பவுண்டு. விமானம் ஏறும் முன்பே. இதை யார் கட்டுவது என்று கடிதத்தில் எழுதியிராவிட்டால், உங்கள் மாமனார் நகையை அடகு வைப்பார்.

வளைகுடாவில் பிரச்சினை பணத்தைவிடப் பெயரில். சவூதியில் தேவாலயமே கிடையாது. அங்கே 'சபை ஊழியம்' என்று யாராவது கூப்பிட்டால் விசாவில் வேறு ஏதோ தொழில் இருக்கும் என்று அர்த்தம். அமீரகம், கத்தார், குவைத்தில் அரசு ஒதுக்கிய வளாகங்களில் ஆராதனை உண்டு. துபாயில் ஊத் மேத்தா, ஜெபல் அலி, தோஹாவில் மெசைமீர் என்று எல்லாரும் அறிந்த இடங்கள். ஒரே மண்டபத்தை மணிக்கணக்கில் பிரித்து, தமிழ் முடிந்தால் தெலுங்கு, தெலுங்கு முடிந்தால் பிலிப்பினோ என்று ஓடும். விசா தரும் கஃபீல் ஒருவர், வேலை இன்னொரு இடம் என்பது அங்கே குற்றம். 'டிரைவர் விசாவில் வாங்க, பாஸ்டரா இருங்க' என்பவர் உங்களைச் சிறை வாசலில் நிறுத்துகிறார். பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடியேற்றச் சோதனை தேவை) என்ற குறிப்பு இருக்கும். அவர்களுக்குக் குடியேற்ற அனுமதியும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயம்.

இதற்கு நேர்மையான வழி பழையது. பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்துக்கொண்டே ஊழியம் செய்தார். வளைகுடாத் தமிழ்ச் சபைகளில் பாதியை ஓட்டுவது இப்படிப்பட்டவர்கள்தான்: பகலில் ஃபோர்மேன், சாயங்காலம் போதகர். சிப்காட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டத் தெரிந்த தம்பிக்கு இந்த வழி திறந்தே இருக்கிறது. அவனிடம் முதலில் சொன்னது இதைத்தான். முகம் சுருங்கியது. 'முழுநேரம்' என்ற சொல்லுக்கு நம் சபைகளில் இருக்கும் மதிப்பு அப்படி.

நேபாளம் போகிறவர்களுக்குக் கணக்கு எளிது, பாஸ்போர்ட் வேண்டாம், நம் 100 ரூபாய்க்கு அங்கே 160 ரூபாய் என்று 1993 முதல் ஒரே விகிதம். எளிதில்லாதது சட்டம். 2015 அரசியல் சாசனத்தின் 26-ஆம் பிரிவு மதமாற்றத்தைத் தடுக்கிறது. தண்டனைச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை, வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். வாடகை மலிவு என்று மட்டும் பார்த்துப் போகாதீர்கள்.

எந்த நாணயத்தில் சாப்பிடுகிறீர்களோ, அந்த நாணயத்தில் வரவு

ஊரிலிருக்கும் தாங்குநர்கள் மாதம் 60,000 ரூபாய் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2022 தொடக்கத்தில் டாலர் 75 ரூபாய் இருந்தபோது அது 800 டாலர். 2024 முடிவில் டாலர் 85-ஐத் தொட்டபோது அதே 60,000 என்பது ஏறத்தாழ 706 டாலர். யாரும் வாக்குத் தவறவில்லை. ஆனாலும் மாதம் 94 டாலர் காணாமல் போகிறது. அமீரக திர்ஹாம் டாலருக்கு 3.6725 என்றும், சவூதி ரியால் 3.75 என்றும் கட்டப்பட்டவை, எனவே வளைகுடாவிலும் இதே கதைதான். மாறாக, அங்கே திர்ஹாமில் வாங்கி ஊருக்கு அனுப்புகிறவருக்கு இதே சரிவு லாபம்.

உள்ளூர் நாணயமே காலை வாரிவிடுவதும் உண்டு. 2022-இல் இலங்கை ரூபாய் டாலருக்கு 200-இலிருந்து 360-க்கு விழுந்தது. செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை சபை படியை மறுபரிசீலனை செய்யும் என்ற ஒரு வரி கடிதத்தில் இருந்தவர்களால்தான் அப்போது வாயைத் திறக்க முடிந்தது.

ஊரிலிருந்து தனிநபர் ஒருவர் வங்கி வழியாக அனுப்புவதற்கு வழி உண்டு, ஆண்டுக்கு 10 லட்சம் வரை முன்கூட்டியே பிடிக்கும் வரியும் இல்லை. ஆனால் சபையின் அறக்கட்டளைக் கணக்கிலிருந்து வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்புவது வேறு சங்கதி. வருமான வரிச் சட்டம் 1961-இன் 11-ஆம் பிரிவு விலக்குத் தந்தது இந்தியாவில் செலவழித்த பணத்துக்கு. வெளியே செலவழித்தால் நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி வேண்டியிருந்தது. புதுச் சட்டம் வந்தாலும், நம் பொருளாளர் ஆடிட்டரைக் கேட்காமல் அனுப்பக்கூடாது.

எதிர்த்திசையில் வரும் பணம் இன்னும் ஆபத்து. நீங்கள் போன மறு மாதமே ஊர்ச் சபையில் ஒருவர் கூப்பிடுவார்: "தம்பி, கோயில் கூரை ஒழுகுது." உங்கள் சொந்தச் சேமிப்பை, இந்தியக் குடிமகனாக, வங்கி வழியாக அனுப்பலாம். அங்கே சபையில் துண்டு விரித்து வசூல் செய்து அனுப்பினால், அதில் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட தமிழர்கள் பணமும் இருக்கும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்கீழ் பதிவுள்ள அமைப்பு மட்டுமே, அதுவும் புதுடெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வாங்க முடியும். கூரைக்காக அனுப்பிய பணத்துக்கு மூப்பர்கள் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டை அப்படியே இருந்தது.

ஊர்ப்பக்கத்துக் கணக்கு

டீக்கடை மேசையிலேயே ஒரு காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுதினோம். அம்மாவுக்கு மாத்திரை, தங்கையின் நர்சிங் படிப்பு, கூட்டுறவு வங்கி நகைக் கடன், வண்டித் தவணை. பிறகு ஒரு வரி நான் சேர்த்தேன்: மொய். "வெளிநாட்டுல இருக்கான்" என்று தெரிந்தால் 500 எழுதினவனிடம் 5,000 எதிர்பார்க்கிற ஊர் நம்முடையது. ஊழியக்காரன், எண்ணெய்க் கம்பெனிக்காரன் என்ற பேதம் மொய் நோட்டுக்குத் தெரியாது.

பி.எஃப். விஷயம் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. 10 ஆண்டு சேவை முடிந்தால்தான் 58 வயதில் பென்ஷன். இவனுக்கு எட்டு. "ரெண்டு வருஷம் பொறு" என்று நான் சொல்லவில்லை. ஆனால் பணத்தை மொத்தமாக உருவிக்கொண்டு போகாமல், படிவம் 10-சி கொடுத்துத் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால், நாளைக்குத் திரும்பி வந்து வேறு கம்பெனியில் சேரும்போது எட்டோடு சேர்த்து எண்ணுவார்கள். ஊழியத்திலிருந்து திரும்பி வருவது தோல்வி என்று நினைப்பவர்கள்தான் இந்தச் சான்றிதழை வாங்காமல் போகிறவர்கள்.

பிள்ளைகள் இருந்தால் கணக்குப் புத்தகத்தின் பெரிய பக்கம் பள்ளிக்கூடம். அந்தக் காலத்து அமெரிக்க மிஷன்கள் இதற்காகவே 1901-இல் கொடைக்கானலில் பள்ளி தொடங்கின. வட இந்தியாவுக்கு ஆள் அனுப்பும் நண்பர் சுவிசேஷ ஜெபக்குழுவும் மிஷனரிப் பிள்ளைகளுக்காக டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா நடத்துகிறது. உங்களைக் கூப்பிடும் சபைக்கு அப்படி ஏதும் இராது. வளைகுடாவில் சி.பி.எஸ்.இ. பள்ளிக் கட்டணம் சபை தரும் படியையே விழுங்கும். கட்டணத்தைச் சபை நேரே பள்ளிக்குக் கட்டட்டும், உங்கள் கையில் தர வேண்டாம்.

குருக்கள், அருட்சகோதரிகள் என்றால் இதில் பலவும் சபைத் தலைமையின் பொறுப்பு. ஜெர்மனிப் பங்குகளுக்குப் போகும் தமிழ்க் குருக்களுக்கு அங்கே மறைமாவட்டமே சம்பளம் தரும். வருமான வரித் தொகையின் மேல் 8 அல்லது 9 சதவீதமாக அரசே வசூலித்துத் தரும் திருச்சபை வரி அதற்குப் பின்னால் இருக்கிறது. அவர்கள் கேட்க வேண்டியது ஒன்றே: நோய்வாய்ப்பட்டால் காப்பீட்டு அட்டை யார் பெயரில்?

வேலை நாள் எப்படியிருக்கும்?

பிரசங்கம் வாரத்தில் நாற்பது நிமிடம். மிச்ச நேரம் எல்லாம் ஓட்டம். விமான நிலையத்தில் ஆள் அழைப்பது, லேபர் கேம்பில் ஜெபம், ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் திருச்செங்கோட்டு லாரி டிரைவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பு, பெட் ஸ்பேஸ் இழந்தவருக்கு இரண்டு ராத்திரி இடம், இறந்தவரின் உடலை அனுப்பத் தூதரகத்தில் கையெழுத்துக்கு நிற்பது. இதற்கெல்லாம் பெட்ரோலும் போனும் உங்கள் பையிலிருந்து போகும். பயணப் படி என்று தனி வரி வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

நம் எல்லைப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு சொத்து உண்டு, அவர்களே மதிப்பதில்லை. ஒசூரில் எட்டு வருஷம் வேலை பார்த்தவனுக்குத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வாயில் வரும். வெளிநாட்டுச் சபையில் தெலுங்குக் குடும்பம் நான்கு, கன்னடக் குடும்பம் மூன்று தனித்து நிற்கும். அவர்களுக்கு வீட்டு ஜெபம் நடத்தத் தெரிந்தவர் கிடைப்பது அரிது. இதைக் கடிதத்தில் எழுதுங்கள். அமெரிக்கா, கனடா என்றால் ஆங்கிலமும் வேண்டும். பெற்றோருக்குத் தமிழில் பிரசங்கம், பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி ஆங்கிலத்தில்.

ஓய்வும் வேலையின் பாகம். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியது உல்லாசத்துக்காக இல்லை, சமவெளியின் காய்ச்சலில் ஆட்களைப் பறிகொடுத்த பயத்தில். வாரத்தில் எந்த நாள் விடுப்பு, ஆண்டுக்கு எத்தனை நாள் ஊர் வரலாம், அந்த டிக்கெட் யாருடையது?

தம்பி அன்றிரவே பதில் எழுதினான். நான் திருத்தியது ஒரே இடம்: 'தயவாய் மன்னிக்கவும்' என்று மூன்று முறை வந்ததை ஒருமுறையாக்கினேன். கேட்டவை விசாவில் தொழிற்பெயர், மாதப் படி எந்த நாணயத்தில் எந்தத் தேதியில், வாடகை, மருத்துவக் காப்பீடு, பயணப் படி, விடுப்பு, திரும்பி வரும் டிக்கெட்.

பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. கேட்டதில் ஐந்துக்குத் தொகையும் தேதியும் போட்டு, கமிட்டியில் மூன்று பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். விசாவின் தொழிற்பெயரும் திரும்பி வரும் டிக்கெட்டும் மட்டும் காணோம். பொருளாளர் தனியே ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார்: இதுவரை யாரும் கேட்டதில்லை, கேட்டது நல்லதாகப் போயிற்று, அடுத்த கமிட்டியில் வைக்கிறோம்.

அடுத்த கமிட்டி இரண்டாம் வெள்ளிக்கிழமை. தம்பி இப்போதைக்கு வழக்கம்போல ஒசூர் கம்பெனி பஸ்ஸில் காலை ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.